உப்புக்காத்துல ஒரு பழைய ஃப்ளாட்: இப்பவே விக்கலாமா, பொறுக்கலாமா?

எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் எடுத்திருக்கோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம்.

வீடு வாங்குறதைப் பத்தி நிறைய பேசியாச்சு. இன்னைக்கு விக்கிறதைப் பத்திப் பேசுவோம். அதுவும் பளபளன்னு இருக்குற புது ஃப்ளாட் இல்ல. காரை உதிர்ந்து, பாத்ரூம் ஒழுகி, அசோசியேஷன் கூட்டத்துக்கு ரெண்டு பேர் மட்டும் வர்ற பழைய ஃப்ளாட்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். கணக்குக்காக நாம உருவாக்கின குடும்பம்தான். ஆனா இப்படி ஒரு குடும்பம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அம்மா பாஞ்சாலங்குறிச்சியில, சொந்த வீட்ல இருக்காங்க. பிள்ளைங்க படிப்புக்காக 2004-ல தூத்துக்குடி டவுன்ல ஒரு ஃப்ளாட் வாங்கினாங்க. 900 சதுர அடி, 8 லட்சம், அம்மா பேர்லயே பத்திரம். மொத்தம் 8 வீடு இருக்குற சின்ன அபார்ட்மென்ட். பிள்ளைங்க படிச்சு முடிச்சுட்டாங்க. அக்கா சென்னையில, தம்பி பெங்களூர்ல. ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருந்தாங்க. இப்போ பால்கனி மேல்தளத்துல காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியுது. மாடி வீட்டு பாத்ரூம் தண்ணி கீழே கசியுது. குடியிருக்கிறவங்க காலி பண்றோம்னு சொல்லிட்டாங்க. புரோக்கர் 30 லட்சத்துக்கு ஆள் இருக்குன்னு சொல்றார்.

அக்கா சொல்றாங்க: "ரியல் எஸ்டேட் விழப்போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. இப்பவே வித்துருவோம்." தம்பி சொல்றார்: "வின்ஃபாஸ்ட் வந்தாச்சு, ஏர்போர்ட் பெருசாச்சு. ரெண்டு வருஷம் பொறுக்கா, 40 லட்சத்துக்குப் போகும்." அம்மா கேக்குறது ஒண்ணுதான்: "வித்துட்டா அந்தக் காசு கையில நிக்குமாய்யா?"

மூணு பேர்ல சரியான கேள்வியைக் கேட்டது அம்மாதான். அக்காவும் தம்பியும் மார்க்கெட்டைப் பத்தி வாதம் பண்றாங்க. கட்டடத்தை யாரும் பாக்கல. இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றது இதுதான்: மார்க்கெட் எப்போ விழும்னு யாருக்கும் தெரியாது. கட்டடம் என்ன நிலைமையில இருக்குன்னு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டா தெரிஞ்சுடும். முடிவை அங்கிருந்து ஆரம்பிக்கணும்.

நம்ம ஊர்ல சரிவு எப்படி வரும்?

"ஹவுசிங் க்ராஷ்"னு சொன்னதும் நமக்கு அமெரிக்காதான் ஞாபகம் வருது. 2006-ல இருந்து 2012-க்குள்ள அங்க வீட்டு விலை சராசரியா நாலுல ஒரு பங்குக்கு மேல விழுந்தது. கடன் கட்ட முடியாதவங்க வீட்டை வங்கிகள் எடுத்து, கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டதும் அதுக்கு ஒரு முக்கியமான காரணம்.

நம்ம ஊர்ல பெரும்பாலும் அப்படி நடக்கிறதில்ல. இங்க விலை உறைஞ்சு போகும். சொன்ன விலையில இருந்து யாரும் இறங்க மாட்டாங்க, அந்த விலைக்கு வாங்கவும் ஆள் இருக்காது. தமிழ்நாட்டுல 2016-ஐ நினைச்சுப் பாருங்க. செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ரெண்டே மாசத்துல, நவம்பர் 8-ம் தேதி, பணமதிப்பு நீக்கம். அடுத்த வருஷம் ஜூன்ல அரசாங்கமே வழிகாட்டி மதிப்பை 33% குறைச்சது. அது மறுபடி பழைய அளவுக்கு வந்தது 2023 ஏப்ரல்ல.

அந்த மாதிரி காலத்துல "என் வீடு 30 லட்சம்"னு சொல்லிக்கிட்டே இருக்கலாம். அவசரத்துக்கு விக்கப் போனாதான் உண்மை தெரியும். அதுல முதல்ல அடி வாங்குறது பழைய ஃப்ளாட்தான். புது ஃப்ளாட் காலியா நின்னா பில்டர் மாடுலர் கிச்சன், பார்க்கிங்னு எதையாவது சேர்த்துக் கொடுத்து வித்துடுவார். பழைய கட்டடத்துக்கு வங்கியும் எளிதா கடன் தராது, கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் இருக்குன்னு கேக்கும். கடன் கிடைக்கலைன்னா கையில ரொக்கம் வச்சிருக்கிறவங்க மட்டும்தான் வாங்க வருவாங்க. அவங்க பேரமும் கடுமையா இருக்கும்.

அக்காவோட பயம் வீண் பயம் இல்ல. ஆனா சரிவு எப்போ வரும்னு சொல்ல முடியாது. தம்பியோட நம்பிக்கையும் அப்படித்தான். சிலாநத்தம் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறந்தாச்சு, விமான நிலையப் புது முனையம் ஜூலை கடைசியில திறந்தாச்சு. இது நமக்குத் தெரியுதுன்னா நிலம் வச்சிருக்கிறவங்களுக்கும் தெரியும். அவங்க சொல்ற விலையில அது ஏற்கெனவே ஏறியிருக்கும். தூத்துக்குடி மாதிரி சில பெரிய ஆலைகளையும் துறைமுகத்தையும் நம்பியிருக்கிற ஊர்ல ஒரு ஆலை வந்தா என்ன ஆகும்னு பாக்குற மாதிரி, ஒண்ணு மூடினா என்ன ஆகும்னும் பாக்கணும். 2018 மே மாசத்துல ஸ்டெர்லைட் மூடினதை இந்த ஊர் பாத்திருக்கு.

முத்துக்குளிக்கிறவங்க எதைப் பாத்தாங்க?

இந்தக் கடற்கரைக்கு இது புதுக் குழப்பம் இல்ல. மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிப்பு எல்லா வருஷமும் நடந்ததில்ல. சில வருஷம் சிப்பி அள்ள அள்ள வரும், அப்புறம் பல வருஷம் ஒண்ணும் இருக்காது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியா பெரிய அளவுல நடந்தது 1955-ல இருந்து 1961 வரைக்கும்.

எதிர்க்கரையில, இலங்கையில, 1903-ல இருந்து தொடர்ந்து நல்ல அறுவடை. அதைப் பாத்துட்டு 1906-ல ஒரு பிரிட்டிஷ் கம்பெனி முத்துப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்கு அப்புறம் சிப்பி வரல. சில வருஷத்துலயே கம்பெனியைக் கலைச்சுட்டாங்க. ஏறிக்கிட்டே இருக்குன்னு நம்பி உச்சியில பணத்தைப் போட்ட கதை இது.

எனக்கு இதைவிட முக்கியமாப் படுறது, குளிப்புக்கு முன்னாடி நடந்த ஒரு வேலை. அதிகாரிகள் முதல்ல பாரைப் போய்ப் பாப்பாங்க. மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை எடுத்து, திறந்து, கிடைச்ச முத்தை மதிப்புப் போடுவாங்க. சிப்பிக்கு வயசு பத்தலைன்னா முத்து சின்னதா இருக்கும், அதனால பொறுப்பாங்க. வயசு கூடிட்டா சிப்பி கடலுக்குள்ளேயே செத்துப்போகும், முத்தும் அதோட போயிடும். முத்து விலை அடுத்த வருஷம் ஏறுமாங்கிறது அவங்க கையில இல்ல. சிப்பிக்கு எத்தனை வயசுன்னு பாக்க முடியும், அதைப் பாத்தாங்க.

நாமளும் அதையே செய்வோம்.

முதல் கேள்வி: கட்டடம் எந்த நிலைமையில இருக்கு?

கடலோர ஊர்ல காத்துலயே உப்பு இருக்கு. அந்த உப்பு மெல்ல மெல்ல கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துருவோட பருமன் இரும்பைவிடப் பல மடங்கு அதிகம், அதனால உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளக்கும். கட்டும்போதே உப்புத்தண்ணியில கலவை போட்டிருந்தா இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பால்கனியில காரை விழுந்து கம்பி தெரியுதுன்னா, வேலை ரொம்ப நாளா உள்ளே நடந்துக்கிட்டு இருந்திருக்கு. நம்ம கண்ணுக்கு இப்போதான் தெரியுது.

சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்துல 2021 டிசம்பர் 27-ம் தேதி என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோட குடியிருப்புல 24 வீடு இருந்த ஒரு பிளாக் அப்படியே சரிஞ்சது. 1993-ல கட்டினது, 28 வயசு. விரிசல் பெருசாகுறதைப் பாத்து மக்களை முன்னாடியே வெளியேத்தினதால உயிர்ச்சேதம் இல்ல. எல்லாப் பழைய கட்டடமும் இப்படி விழும்னு சொல்லல. ஆனா "கான்கிரீட்டுதானே, நூறு வருஷம் நிக்கும்"னு நினைக்கிறது தப்பு.

அதனால விக்கிற முடிவுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வாங்க. பெயின்ட் அடிக்கிற கான்ட்ராக்டர் வேற, இவர் வேற. இடிக்காமலேயே கான்கிரீட்டோட பலத்தையும் கம்பியில துரு எவ்வளவுங்கிறதையும் பாக்கச் சோதனைகள் இருக்கு. அவர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. சேதம் பூச்சுல மட்டுமா, கம்பிலயும் இருக்கா? தூண்ல இருக்கா, தளத்துல மட்டுமா? இப்போ சரி பண்ணா எத்தனை வருஷம் தாங்கும்?

பூச்சுல மட்டும்னா அது செலவுக் கணக்கு. தூண்ல இருக்கிற கம்பி வரைக்கும் போயிருந்தா உங்க வீட்டை மட்டும் சரி பண்ணிப் பிரயோஜனம் இல்ல. 8 வீடும் சேர்ந்து பணம் போடணும்.

இன்னொண்ணையும் எழுதி வச்சுக்கோங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி நகரத்துலயும் பல இடத்துல நாள் கணக்குல தண்ணி நின்னது. வாங்க வர்றவங்க "அப்போ இங்க தண்ணி வந்துச்சா?"ன்னு கேப்பாங்க. பதிலைத் தயாரா வச்சுக்கோங்க, உண்மையான பதிலை.

ரெண்டாவது கேள்வி: நம்மகிட்ட இருக்கிறது என்ன?

ஃப்ளாட்டுன்னா ரெண்டு பொருள் சேர்ந்தது. ஒண்ணு, தேய்ஞ்சுக்கிட்டே போற கட்டடம். இன்னொண்ணு, அதுக்குக் கீழே இருக்கிற நிலத்துல நம்ம பங்கு. பத்திரத்துல "பிரிபடாத பாகம்"னு இருக்கும், புரோக்கர்கள் யு.டி.எஸ்.னு சொல்வாங்க. அம்மா ஊர்ப் பக்கம் இதை விளக்கவே வேண்டாம். கட்டபொம்மன் கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கினான், இன்னைக்கு நாம பாக்குற நினைவுக் கோட்டை 1974-ல கட்டினது. கட்டடம் போனாலும் இடம் அங்கேயேதான் இருக்கு.

கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. மொத்த மனை 12 சென்ட், 8 வீடு. அம்மா பங்கு ஒண்ணரை சென்ட். அந்தத் தெருவுல ஒரு சென்ட் 12 லட்சம்னா நிலம் 18 லட்சம். விலை 30 லட்சம்னா மீதி 12 லட்சம் கட்டடத்துக்கு.

இன்னும் 15 வருஷத்துல அந்த 12 லட்சம் பூஜ்யம் ஆகிடும்னு வைங்க. அப்போ ஃப்ளாட் விலை 30 லட்சத்துலயே நிக்கணும்னாக்கூட நிலத்தோட விலை வருஷத்துக்கு மூணரை சதவீதம் ஏறியாகணும். ஏறினா லாபம்னு நாம நினைக்கிறோம். பழைய ஃப்ளாட்ல அந்த ஏத்தத்துல ஒரு பங்கு, கட்டடம் தேயுறதை ஈடுகட்டவே போயிடும்.

"இடிச்சுட்டுப் புதுசா கட்டலாமே"ன்னு தம்பி கேப்பார். சட்டம் இப்போ கொஞ்சம் எளிதாயிருக்கு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ல வந்து, 2024 மார்ச்ல நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா மறுகட்டுமானம் பண்ணலாம். ஒருத்தர் மட்டும் முட்டுக்கட்டை போட முடியாது. நம்ம 8 வீட்டுல 6 வீடு ஒத்துக்கணும்.

ஆனா பணக்கணக்கு வேற. 12 சென்ட்ங்கிறது சுமார் 5,200 சதுர அடி. உயரமில்லாத கட்டடத்துக்குப் பொதுவா மனையைப் போல ரெண்டு மடங்கு பரப்பு கட்டலாம், அதாவது 10,400. பழைய 8 வீட்டுக்கு 7,200 போனா பில்டருக்கு விக்கக் கிடைக்கிறது 3,200 சதுர அடி. சதுர அடி 4,500 ரூபாய்னு வித்தா 1 கோடியே 44 லட்சம். மொத்தத்தையும் சதுர அடி 2,200 ரூபாய்ல கட்டினாலே செலவு கிட்டத்தட்ட 2 கோடியே 29 லட்சம். துண்டு விழுற 85 லட்சத்தை 8 வீடும் பங்கு போட்டா ஆளுக்கு பத்து லட்சத்துக்கு மேல, பில்டர் லாபம் தனி. சென்னை அடையாறுல, தி.நகர்ல விக்கிற விலை கட்டுற செலவைப் போலப் பல மடங்கு, அதனால அங்க பில்டரே தேடி வருவார். சின்ன நகரத்துல அந்த இடைவெளி குறைவு. கூட்டத்துக்கே ரெண்டு பேர் வர்ற அபார்ட்மென்ட்ல ஆளுக்கு பத்து லட்சம் யார் எடுத்து வைப்பாங்க?

மூணாவது கேள்வி: பொறுக்கிறதுக்கு என்ன விலை?

வச்சிருக்கிறது இலவசம்னு நினைக்கிறோம், அப்படி இல்ல. வாடகை மாசம் 8,000, வருஷத்துக்கு 96,000. பராமரிப்புக் கட்டணம் 18,000, வீட்டு வரி 3,000, ரிப்பேர் 20,000 கழிச்சா 55,000 மிஞ்சும். அதுவும் வீடு ஒரு மாசம்கூடக் காலியா இல்லைன்னா.

இப்போ வரி. வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆன வீட்டை வித்தா நீண்டகால மூலதன ஆதாய வரி. 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின வீடுன்னா இந்தியாவுல வசிக்கிற தனிநபருக்கு ரெண்டு வழி இருக்கு: விலைவாசியைச் சேர்த்துக் கணக்கிட்டு 20%, இல்லைன்னா சேர்க்காம 12.5%. எது குறைவோ அது. சேர்க்காமப் போட்டா ஆதாயம் 22 லட்சம், வரி 2 லட்சத்து 75 ஆயிரம். விலைவாசிக் குறியீடு 2004-05-ல 113, 2025-26-ல 376. அதைச் சேர்த்தா அன்னைக்குக் கொடுத்த 8 லட்சம் இன்னைக்கு 26 லட்சத்து 62 ஆயிரத்துக்குச் சமம். ஆதாயம் 3 லட்சத்து 38 ஆயிரம்தான், வரி சுமார் 68,000. செஸ் கொஞ்சம் சேரும். வெளிநாட்டுல வசிக்கிறவங்க பேர்ல வீடு இருந்தா இந்தத் தெரிவு கிடையாது, ஒரு ஆடிட்டரைப் பாத்துடுங்க.

இந்தக் கணக்கு இன்னொண்ணையும் காட்டுது. 8 லட்சம் 30 லட்சம் ஆச்சுன்னு சந்தோஷப்படுறோம். விலைவாசியைக் கழிச்சா 21 வருஷத்துல விலை ஏத்தத்துல உண்மையா மிஞ்சினது மூணரை லட்சம்கூட இல்ல.

வரி, புரோக்கர் கமிஷன் போக 29 லட்சம் கைக்கு வருதுன்னு வைங்க. அம்மாவுக்கு 60 வயசு தாண்டியிருந்தா மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 30 லட்சம் வரைக்கும் போடலாம், 2025-26-ல வட்டி 8.2%. வருஷத்துக்கு சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம். மாசக் கணக்குல 19,800. மூணு மாசத்துக்கு ஒருமுறை கணக்குல வரும். வட்டிக்கு வரி உண்டு, அசலும் வளராது, விலைவாசி ஏறினா அதோட மதிப்பு குறையும். அதையும் மறக்கக் கூடாது.

55,000 எங்கே, 2 லட்சத்து 38 ஆயிரம் எங்கே? இந்த இடைவெளியை நிரப்பணும்னா ஃப்ளாட் விலை வருஷத்துக்கு சுமார் 6% ஏறிக்கிட்டே இருக்கணும். கடந்த 21 வருஷத்துல அது ஏறினதே சராசரி ஆறரை சதவீதம்தான். அதுவும் கட்டடம் இளசா இருந்தப்போ.

சரி, என்ன பண்ணலாம்?

இந்தக் குடும்பத்துக்கு என் பதில்: வித்துடலாம். மார்க்கெட் விழப்போகுதுங்கிற பயத்துக்காக இல்ல. மார்க்கெட் ஏறினாலும் இந்தக் கணக்கு பெருசா மாறாதுங்கிறதுக்காக. அதுக்கு முன்னாடி ஒரு தடவை, இன்ஜினியர் அறிக்கையை வச்சுக்கிட்டு 8 வீட்டையும் கூப்பிட்டுப் பேசிப் பாருங்க. ஆறு பேர் பணம் போடத் தயார்னா கதை மாறும்.

உங்க கதை வேறயா இருக்கலாம். நிலப் பங்கு பெருசு, சேதம் பூச்சோட நிக்குது, அசோசியேஷன் ஒழுங்கா நடக்குதுன்னா வச்சுக்கோங்க, சரிவு வந்தாலும் தாங்கலாம். அந்த வீட்லயே நீங்க குடியிருந்து, வித்துட்டு அதே ஊர்ல வேற வாங்கப் போறீங்கன்னா, சரிவு உங்களைப் பெருசா பாதிக்காது. விக்கிறதும் குறைவா இருக்கும், வாங்குறதும் குறைவா இருக்கும். ரெண்டு வருஷத்துக்குள்ள கட்டாயம் பணம் தேவைன்னா, அப்போ மட்டும்தான் மார்க்கெட்டைப் பத்திக் கவலைப்பட்டு முந்திக்கணும். ஏன்னா உறைஞ்ச மார்க்கெட்ல அவசரக்காரருக்குத்தான் நஷ்டம்.

முடிவு எதுவா இருந்தாலும் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை சிலது இருக்கு. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. வீடு இறந்துபோனவங்க பேர்ல இருந்தா வாரிசுச் சான்றிதழ் வேலையை ஆரம்பிங்க, அதுக்கு நாள் ஆகும். விக்கும்போது முதல்ல பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேளுங்க. கட்டடத்தோட குறை தெரிஞ்சவங்க, நிலப் பங்கு சேரட்டும்னு வாங்குவாங்க. வாங்குறவர் யாரா இருந்தாலும் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%னு ஒன்பது சதவீதம் கூடுதல் செலவு இருக்கு. அவர் பேரம் பேசுறது அதையும் சேர்த்துத்தான்.

கடைசியா ஒண்ணு. பெயின்ட் அடிச்சு விரிசலை மறைச்சு விக்கலாம்னு புரோக்கர் சொல்லலாம். வேண்டாம். அந்த பால்கனிக்குக் கீழே நாளைக்கு இன்னொருத்தரோட குழந்தை நிக்கும். அறிக்கையைக் காட்டி ரெண்டு லட்சம் குறைச்சு விக்கிறது நஷ்டம் இல்ல. குடியிருக்கிறவங்க இன்னும் காலி பண்ணலைன்னா, அந்தத் தொங்குற காரையை இன்னைக்கே தட்டி எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு அறிக்கை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். காசு கையில நிக்கணும்னா, விக்கிறதுக்கு முன்னாடியே அது எந்தக் கணக்குக்குப் போகும்னு எழுதி வைங்க. அம்மா பேர்லயே போகட்டும். அக்கா வீட்டுக் கடனுக்கும் தம்பி காருக்கும் அது வேண்டாம். வீடு அவங்க பேர்ல இருந்தது, பணமும் அவங்க பேர்லயே இருக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.